வாய் உலர்ந்துபோன ஒரு நிமிடம்

ஆந்திர எல்லையிலிருந்த பிச்சாட்டூர் எந்த மாநிலத்துக்குப் போகும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. நான் திருப்பதியில் பெண்கள் கல்லூரி ஒன்றின் கூடைப்பந்துப் பயிற்சியாளர். சித்தூரில் இறுதிப்போட்டி. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். கடைசி நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்தி அணியைக் கூப்பிட்டேன். ஐந்து பெண்களும் என் வாயையே பார்த்தார்கள். அதில் எச்சிலே இல்லை, யோசனை எங்கிருந்து வரும்?

“என்னம்மா செய்யலாம்?” என்று உளறினேன்.

எங்கள் நட்சத்திரம் காந்தா சட்டென்று சொன்னாள்: “அவங்க ஆளுங்க எல்லாரும் என்னையே சுத்திக்கினு இருக்காங்க சார். நான் பந்து கேட்டுக்கினே அந்தப் பக்கம் ஓடறேன். சரோஜா போடட்டும்.”

“ஐயோ, நானா?”

“நீதாண்டி!”

சரோஜா போட்டாள். பந்து வளையத்தைச் சுற்றி உள்ளே விழுந்தது. ஜெயித்தோம்.

“எப்படி சார் யோசிச்சீங்க?” என்று ஊரே என் கையைக் குலுக்கியது. யோசிக்க முடியாமல்தான் என்று சொல்லவில்லை.

அன்றுமுதல் நான் முதலில் அணியைக் கேட்டுவிடுவேன். அதற்கு முன் கேட்காத நாட்களில் அந்தப் பெண்களுக்கு இன்னும் என்னென்ன தெரிந்திருந்ததோ!