முடிச்சு சார் முடிக்கிறார்

கணினித் திரையில் இரண்டு சதுர அடைப்புக்குறிகளைத் திறந்தார், உள்ளே ‘ஈரம்’ என்று தட்டினார், இரண்டால் மூடினார். சொல் நீலமாயிற்று. நீலத்தைத் தொட்டதும் ‘ஈரம்’ என்ற குறிப்பு திறந்தது. அங்கிருந்து ‘வடக்குச் சுவர்’, அங்கிருந்து ‘நிழல்’, நிழலைத் தொட்டால் மறுபடி ‘ஈரம்’. ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் தன் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தவர்போல முகம் மலர்ந்து நாற்காலியில் சாய்ந்தார் முடிச்சு சார். பல் துலக்குவதற்குமுன் இது ஒரு தடவை நடந்தாக வேண்டும்.

கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறார். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது சுவரில் படரும் பாசி. வெயிலில் கருகிச் செத்ததுபோலக் கிடப்பது ஒரு மழைக்கு எப்படிப் பச்சை பிடித்து எழுகிறது என்பது கேள்வி. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் லென்ஸ் இருக்கும். தெருவில் போகும்போது யார் வீட்டு மதிலிலாவது மூக்கு உரச நின்றுவிடுவார். வீட்டுக்காரர்கள் முதலில் முறைப்பார்கள். பிறகு சுவரைச் சுத்தம் செய்ய வந்தவர் என்று முடிவுகட்டி, பின்பக்கச் சுவரையும் காட்டுவார்கள். இவரும் மறுக்கமாட்டார்.

பட்டப்பெயர் மாணவர்கள் வைத்தது. குறிப்புக்குக் குறிப்பு முடிச்சுப் போடுவார், ஆனால் எதையும் முடிக்கமாட்டார் என்று அதற்கு உரையும் சொல்வார்கள்.

குறிப்பெடுக்கும் செயலிகளில் அவர் குடியிருக்காதது எதுவும் பாக்கியில்லை. எல்லாம் மார்க்டவுன் வகை. தலைப்புக்கு முன்னால் # என்று ஒரு வேலிக்குறி, அழுத்திச் சொல்ல இருபுறமும் நட்சத்திரங்கள், மற்றபடி வெறும் எழுத்து. “செயலி செத்தாலும் கோப்பு சாகாது, அதான் இதுல விஷயம்” என்று அகப்பட்டவரிடமெல்லாம் விளக்குவார். ஒரு செயலி குறிப்புகளை வலைபோல வரைந்து காட்டும். கண்கொள்ளாக் காட்சி, ஆனால் அச்சிட்டால் அடிக்குறிப்புகள் உதிர்ந்துவிடும். இன்னொன்று மேற்கோள் நூல்களை வரிசை பிசகாமல் கொண்டுவந்து நிறுத்தும்; கைபேசியில் மட்டும் நேற்றையதைக் காட்டும். மூன்றாவது எல்லாம் செய்யும், ஆனால் கோப்புகளைத் தன்னிடமே பூட்டி வைத்துக்கொள்ளும். “என் சோத்தை நான் சாப்பிட அவன்கிட்ட தட்டு கேக்கணுமா?” என்று மூட்டைமுடிச்சோடு அங்கிருந்தும் கிளம்பினார். போகிற இடத்தில் எழுத்துருவும் நிறமும் சரிபார்ப்பதற்குள் பருவத்தேர்வு வந்துவிடும்.

வேதியியல்காரர் ஒருவர் தேநீர் குடிக்கும் நேரத்தில் இவரிடம் யோசனை கேட்டு, சொன்ன செயலியை இறக்கி, ஆய்வேட்டையே முடித்துவிட்டார். நன்றியுரையில் இவர் பெயரும் உண்டு. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தானே பட்டம் வாங்கியதுபோல எல்லோருக்கும் காட்டினார்.

மனைவி இயன்முறை மருத்துவர், வாய்க்குப் பூட்டில்லாதவர். “நடங்கன்னு சொன்னா செருப்புக்கடையிலேயே நிக்கிற ஆளுங்களை நான் தினமும் பாக்கிறேன்” என்பார். இவர் சிரித்து மழுப்புவார். எப்போதோ ஒரு கருத்தரங்கில் இவர் பேசி முடித்ததும், முன்வரிசையில் இருந்த ஒருவர் கொட்டாவியை மென்றபடி, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். அது முள்ளாகத் தைத்துக்கொண்டது. அடைப்புக்குறிக்குள் ஒற்றைச் சொல் போடுவதில் ஆபத்தில்லை. ‘ஆகவே’ என்று ஒரு வாக்கியம் தொடங்கினால்தான் அந்தக் கொட்டாவி கண்முன் வந்து நிற்கும்.

ஆய்வு நெறியாளர் இவரைவிட வயதில் சிறியவர். இவர் ‘மேடம்’ என்பார், அவர் ‘சார்’ என்பார்; இருவருக்குமே கூச்சம். மாதக் கடைசிக்குள் முக்கிய அத்தியாயம் வராவிட்டால் முனைவர் பட்டப் பதிவே ரத்தாகும் என்பதை அந்தக் கூச்சத்தோடுதான் சொன்னார். “இதுக்கு மேல என் கையில இல்லைங்க சார்.”

வீட்டுக்கு வந்தவர் எழுத உட்கார்ந்திருக்கலாம். புதுச் செயலிக்குக் குடிபெயர்ந்தார். பெயர்ந்ததில் முடிச்சுகள் அத்தனையும் அறுந்தன. நீலச் சொற்கள் சாம்பலாகிவிட்டன; எதைத் தொட்டாலும் ‘இப்படி ஒரு குறிப்பு இல்லை’ என்ற பதில். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து ஓய்ந்தார்.

கடைசியில் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்து, நெறியாளருக்கு ஒரு மின்னஞ்சல் தொடங்கினார். ஏன் முடியவில்லை என்று சொல்ல வேண்டுமே. அதற்கு, வெயில் அடிக்கும் சுவரையும் நிழல் சுவரையும் ஏன் ஒப்பிட்டார் என்று சொல்ல வேண்டியிருந்தது. காய்ந்து காய்ந்து பழகிய பாசி தண்ணீர் பட்டதும் சட்டென எழுகிறது. நிழலிலேயே சுகமாக வளர்ந்தது திணறுகிறது. அதை நிரூபிக்க இரண்டையும் இடம் மாற்றி வளர்த்துப் பார்த்த கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. மனைவி சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. ‘ஆகவே’ என்ற சொல் நடுவில் எப்போது வந்தது என்றும் அவருக்குத் தெரியாது. அடியில் மறுபடி மன்னிப்புக் கேட்டு, அனுப்பிவிட்டுப் படுத்தார்.

காலையில் நெறியாளர் தொலைபேசியில் அழைத்தார். முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் வெட்டிவிட்டதாகவும், நடுவில் இருப்பதுதான் அத்தியாயம் என்றும், புறப்பட்டு வரும்படியும் சொன்னார்.

“மேடம், அது சும்மா கடிதம்ங்க. ஒரு லிங்க்கூடக் கிடையாது.”

“அதனாலதான் சார் படிக்க முடிஞ்சுது.”

நெறியாளர் அறைக்குள் நுழையும்போது இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. நெறியாளர் திரையில் அந்த எழுத்துகள் துணைத்தலைப்பும் பத்தியுமாக ஒழுங்காக நின்றன. இடம் மாற்றி வளர்த்த பகுதியை அவர் சத்தமாகவே படித்தார்; இதை இதுவரை யாரும் செய்ததில்லை என்றார்; பிறகு ஒரு வரியைச் சுட்டினார். “இதைப் பாருங்க சார். எவ்வளவு அழகா வந்திருக்கு.”

முடிச்சு சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேசைமேல் எட்டிக் குனிந்தார். அந்த வரியைத் தாண்டி, சாளரத்தின் மேல்மூலையில் சின்னதாக இருந்த செயலியின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். தலையை ஆட்டி ஆமோதித்தபடியே, மேசைக்கு அடியில் ஒரு கையால் கைபேசியை மெல்ல உருவினார்.