பாதி ஸ்டிரிப்

எங்க நைனா செஞ்சி கடைத்தெருவுல மல்லாட்டை மண்டி, அதான் வேர்க்கடலை மண்டி வச்சிருந்தார். தராசு முள்ளு மயிரிழை சாஞ்சாலும் எடை போடுற ஆளோட மானத்தை நாலு பேர் முன்னாடி வாங்கிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன், தன் ரத்தத்தை அளக்குற விஷயத்துல மட்டும் கள்ளத் தராசா இருந்தாலும் பரவாயில்லைன்னு இருந்தார்.

எண்பதுகளோட கடைசி அது. சர்க்கரை இருக்கிறவங்க வீட்டுல ஒண்ணுக்கைக் கண்ணாடிக் குழாய்ல ஊத்தி, நீல மருந்தோட சேர்த்துக் காய்ச்சி, நிறம் பார்ப்பாங்க. எங்க வீட்டுல அந்த வேலை என்னுது. கல்யாணம் ஆகாத கடைசிப் பொண்ணு வேற எதுக்கு இருக்கிறா? தினமும் செங்கல் நிறத்துலதான் வரும். அப்படின்னா சர்க்கரை எக்கச்சக்கம்னு அர்த்தம். நைனாவோட கால் கட்டைவிரல்ல வேற ஒரு புண்ணு, ஆறவே மாட்டேன்னு இருந்துச்சு. சர்க்கரை இறங்கலைன்னா விரலை எடுக்க வேண்டியதுதான், ஊசி போட்டுக்கங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். ஊசின்னா நைனாவுக்கு உசுரு போயிடும்.

இந்த லட்சணத்துல என் அக்காங்க வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் லீவுல ஆளுக்கொரு மிஷினோட வந்து இறங்கினாங்க. பெரிய மாமா சிங்கப்பூர்லேர்ந்து, சின்ன மாமா துபாய்லேர்ந்து. விரல்ல குத்தி, ஸ்டிரிப்புல ஒரு சொட்டு ரத்தம் விட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுப் பஞ்சால தொடைச்சு உள்ள செருகினா நம்பர் காட்டும். பெரியவர் மிஷின் முன்னூத்துக்கு மேல காட்டுச்சு. சின்னவருது நூத்தம்பதுகூட தாண்டலை. எது சரின்னு யாராவது கேட்டாங்களா? எது கம்மியோ அது நல்ல மிஷின், அவ்ளோதான். சின்னவருது ஷோகேஸ்ல ஏறிடுச்சு, பெரியவருது பரண் மேல போயிடுச்சு. பெரிய மாமா மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டுக் கிளம்பினார். சின்ன மாமாவுக்குக் கோழிக் குழம்பு. நைனா அந்த நம்பரைச் சொல்லிச் சொல்லியே ஊசியைத் தள்ளிப் போட்டார். டீயில சர்க்கரையும் திரும்பி வந்துச்சு. என் குழாயைப் பார்த்து, மூத்திரத்தைக் காய்ச்சுறவளுக்கு இன்னா தெரியும்னு சின்ன மாமா சிரிச்சார்.

ஒரு நாள் காலையில சின்ன மாமா துரை கத்தரிக்கோலால ஸ்டிரிப்பை நீளவாக்குல ரெண்டா வெட்டிக்கிட்டு இருந்ததைப் பார்த்தேன். வந்த நாள்லேர்ந்தே இப்படித்தானாம், இங்க எங்கயும் கிடைக்காத சரக்காம். ரெண்டாக்கினா ரெண்டு மடங்கு நாள் வருமாம். மிஷின் ஸ்டிரிப்போட நிறத்தைப் பார்த்துத்தானே நம்பர் சொல்லுது, பாதிதான் இருந்தா பாதி நிறம்தானே தெரியும்? இதுக்குப் பெரிய படிப்பா வேணும்?

நைனாவைக் கூப்பிட்டு உட்கார வச்சேன். ஒரே விரல், ஒரே ரத்தம், அதே துபாய் மிஷின். முதல்ல பாதி ஸ்டிரிப்பை வச்சேன். நூத்தி நாப்பது. அப்புறம் முழுசை வச்சேன். முன்னூத்தி இருபது. பெரிய மாமா மிஷின் என்ன சொல்லுச்சோ கிட்டத்தட்ட அதேதான். நைனா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு நம்பரையும் பார்த்தார். நான் ஜெயிச்சுட்டேன்னு நின்னேன்.

"முழுசா வச்சா ஜாஸ்தி காட்டுது பாரு. இனிமே பாதியே வை"ன்னார்.

சின்ன மாமா ஆமான்னு தலையை ஆட்டினார். இதுங்களைத்தான் ஊரே பெரிய மனுஷங்கன்னு கும்பிடுது.

அடுத்த மழைக்காலத்துக்குள்ள கால் விரல் கறுத்துப் போச்சு. பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். கட்டைவிரலை எடுத்துட்டாங்க. மிஷின் நல்ல மிஷின்தான், உங்க ஊர்த் தண்ணிதான் சரியில்லைன்னு துபாய்லேர்ந்து சின்ன மாமா சொல்லி அனுப்பினார். அதையும் தலையாட்டிக் கேட்டுக்கிட்டாங்க எங்க வீட்டுல.

வீட்டுக்கு வந்த மறுநாள் நைனா கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல வச்சுக்கிட்டு, கை விரலை என் பக்கம் நீட்டினார். ஷோகேஸ்ல இருந்த அந்த மிஷினைத்தான் கேட்டார். நான் டப்பாவைத் திறந்து முழு ஸ்டிரிப் ஒண்ணை எடுத்தேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிடுச்சு.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் பாதி வைம்மா."

மண்டியில ஒரு பிடி மல்லாட்டை குறைஞ்சா ஆளை அடிக்கப் போற மனுஷன், என்கிட்ட கெஞ்சினார். எனக்கு அழுகை வந்துடுச்சு. கத்தரிக்கோலை மட்டும் எடுக்கலை.