கிரேக்கக் கடையில் வாய்மூடி இருந்த மத்தியானம்

என் மகளுக்கு எள் ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு துளி உள்ளே போனாலும் உதடு தடித்து, தொண்டை அடைத்து, மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். இதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதிலேயே என் பாதி வாழ்க்கை போய்விட்டது. நல்லெண்ணெய் உடம்புக்குக் குளிர்ச்சியல்லவா, அது எப்படி ஒரு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும் என்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கு என்பார்கள். நல்லெண்ணெயில் கத்தரிக்காய் பொரித்து வைத்துவிட்டு, "இதிலை எள்ளு ஒண்டும் இல்லை" என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. எண்ணெய் வேறு, எள் வேறு என்பது அவர்கள் எண்ணம். அப்படி ஒரு வீட்டுப் பிறந்தநாளில்தான், மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அம்புலன்ஸ் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனது.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு மொத்தக் கடையில் பெட்டி இறக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆங்கிலத்தில் என் பெயரைத் தவிர வேறொன்றையும் தயங்காமல் வாசிக்க மாட்டேன். ஆனால் மகளின் வருத்தம் எள் ஒவ்வாமை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு, எள்ளுக்குரிய ஆங்கிலச் சொல்லை மட்டும் எவ்வளவு சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். நான் இயல்பிலேயே பயந்தவன். கதவைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். என் பயத்துக்கு மகளின் வருத்தம் ஒரு நிரந்தர வேலை கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவளுக்குத் தூர வடக்கே நியூகாசிலில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. லண்டனிலும் ஒன்று கிடைத்தது. அவள் நியூகாசில் என்றாள். நான் லண்டன் என்றேன்.

"அங்கை ஆர் உனக்குச் சமைக்கிறது?"

"நான்தான்."

"சிநேகிதப் பிள்ளையளோடை வெளியிலை சாப்பிடப் போனால்?"

"கேட்டுச் சாப்பிடுவன்."

"கேட்டால் அவங்கள் உண்மை சொல்லுவாங்களோ?"

"நீங்கள் கேட்டால் மட்டும்தான் சொல்லுவாங்களோ அப்பா?"

உண்மையில் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் வாய் திறப்பதற்குள் நான் கேட்டுவிடுவேன். என் உடைந்த ஆங்கிலத்தில், சத்தமாக, கடை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி. அவள் மேசையைப் பார்த்தபடி இருப்பாள். அது வெட்கம் என்பது எனக்குத் தெரியும். வெட்கத்தால் உயிர் போகாது என்று நினைத்துக்கொள்வேன்.

வீட்டில் சண்டை நீண்டது. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "நாங்கள் மூண்டு பேரும் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போவம். கடையை நான்தான் தெரிவு செய்வன். நான்தான் கேப்பன். நீங்கள் ஒரு சொல்லுக் கதைக்கப்படாது. நான் ஒழுங்காக் கேட்டுச் சாப்பிட்டால் நியூகாசிலுக்கு ஓம் சொல்ல வேணும்."

சரி என்றேன். அவள் தெரிவு செய்தது கிரேக்கக் கடை. வேலையிடத்தில் விசாரித்தேன். கிரேக்கர் எள்ளை விழுதாக அரைத்து வைத்திருப்பார்கள், அதற்குத் தஹினி என்று பெயர், கொண்டைக்கடலையோடு குழைத்து ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுவார்கள், ரொட்டியின் மேலும் எள் தூவுவார்கள் என்றார்கள். அந்தச் சொல்லைப் பாடமாக்கி வைத்துக்கொண்டேன்.

"உலகத்திலை வேறை கடையே இல்லையோ?" என்று மனைவியிடம் கத்தினேன்.

மகள் மாடியிலிருந்தே பதில் சொன்னாள். "பீட்சாக் கடையிலை செய்து காட்டினால், அது பீட்சாக் கடைதானே எண்டு சொல்லுவீங்கள் அப்பா."

சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறினோம். அவசரத்துக்குத் தொடையில் குத்தும் ஊசிப் பேனா இரண்டு அவள் பையில் எப்போதும் இருக்கும். எடுத்து வந்தாயா என்று கேட்டேன். பையைத் திறந்து காட்டினாள். கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, இன்னும் அடுத்த ஸ்டேஷன் அப்டன் பார்க்கே வரேல்லை," என்றாள் மனைவி.

எம்பாங்க்மென்ட்டில் இறங்கி நடந்தோம். தியேட்டர்களுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது கடை. கதவைத் திறந்ததும் கரியடுப்புப் புகையும் எலுமிச்சம்புளியும் ஏதோ காய்ந்த இலை வாசமுமாக முகத்தில் அடித்தது. மேசைகளுக்குத் துணி இல்லை, காகிதம்தான் விரித்திருந்தார்கள். நெருக்கி நெருக்கிப் போட்டிருந்ததால் பக்கத்து மேசைக்காரரின் முழங்கை எங்கள் மேசைக்கு மேல் வந்தது. அவர்கள் எள் ஒட்டிய வளைய ரொட்டியைப் பிய்த்து, வெண்மஞ்சள் களி ஒன்றில் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மகளின் கதிரையை மெல்ல என் பக்கம் இழுத்தேன். அவள் மெல்ல அதைப் பழைய இடத்துக்கே தள்ளினாள்.

பரிமாறும் பெண் வந்தாள், மகளைவிட இரண்டொரு வயது கூட இருக்கும். மகள் மெனுவைத் தொடுவதற்கு முன்பே விஷயத்தைச் சொன்னாள். எள் என்றாள், ஒவ்வாமை என்றாள், மூச்சு அடைக்கும் என்றாள். குரல் நடுங்கவில்லை. கம்பியில் குத்திச் சுடும் கோழியில் எள் இல்லை, எலுமிச்சையும் எண்ணெயும்தான் என்றாள் அந்தப் பெண். என்ன எண்ணெய் என்று கேட்டாள் மகள். ஒலிவ் எண்ணெய்.

நல்லது. ஆனால் ரொட்டியையும் அதே அடுப்பில்தானே வாட்டுவார்கள்? ஒரே இடுக்கியால்தானே புரட்டுவார்கள்? இதைக் கேட்பாளா? அந்தப் பெண் எழுதத் தொடங்கிவிட்டாள். என் நாக்கு நுனியில் ஆங்கிலச் சொல் வந்து நின்றது. மனைவி மேசைக்கு அடியில் என் சப்பாத்தை மிதித்தாள்.

"இடுக்கி," என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

"அப்பா!"

"நான் உன்னோடை கதைக்கேல்லை. கொம்மாவோடை கதைக்கிறன்."

"எனக்கு ஒரு இடுக்கியும் வேண்டாம்," என்றாள் மனைவி. "பேசாமல் அந்தத் தண்ணியைக் குடியுங்கோ."

குடித்தேன். மகள் அந்தப் பெண்ணிடம், கோழியும் ரொட்டியும் ஒரே அடுப்பிலா என்று கேட்டாள். என் சொல் காதில் விழுந்துதான் கேட்டாளா, தானாகவே கேட்க இருந்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெண் உள்ளே போய் வந்து, ஆமாம் ஒரே அடுப்புத்தான், வேண்டுமானால் கோழியைத் தனிச் சட்டியில் செய்யலாம் என்றாள். மகள் அப்படியே செய்யச் சொன்னாள். ரொட்டி வேண்டாம் என்றாள். பிறகு உருளைக்கிழங்குப் பொரியலைக் காட்டி, இதைப் பொரிக்கும் எண்ணெயில் வேறு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டாள்.

இத்தனை காலத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி அது.

அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. வாசலில் ஆட்கள் மேசைக்குக் காத்து நின்றார்கள். ஒருத்தியை இரண்டாம் முறையும் குசினிக்கு அனுப்ப நானே கூச்சப்பட்டிருப்பேன். மகள் கூச்சப்படவில்லை. சிரித்தபடி, மன்னிக்க வேண்டும், கேட்டுச் சொன்னால்தான் நான் சாப்பிடலாம் என்றாள். பெண் போனாள். வந்தாள். கிழங்கு மட்டும்தான் பொரிப்பார்களாம்.

சாப்பாடு வந்தது. மகள் சாப்பிட்டாள். நான் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளையின்ரை சொண்டைப் பாக்கிறதை விட்டிட்டு உங்கட கோப்பையைப் பாருங்கோ," என்றாள் மனைவி.

பார்த்தேன். தட்டில் கோழி ஆறத் தொடங்கியிருந்தது. ஒரு துண்டை வாயில் வைத்தேன். உப்பும் புளிப்பும் கரிந்த ஓரமுமாக நன்றாகத்தான் இருந்தது. மகள் பேசிக்கொண்டே சாப்பிட்டாள், தாயின் ஆட்டிறைச்சியைக் கேலி செய்தாள், தண்ணீர் குடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. என் தோள் இரண்டும் தாமாகவே கீழே இறங்கின. கோப்பையைத் துடைத்ததுபோலச் சாப்பிட்டு முடித்தேன்.

காசு வாங்கும் இடத்தில் இருந்த பெரிய மீசைக்காரர், கடை முதலாளி, அதைப் பார்த்திருக்க வேண்டும். பில்லோடு ஒரு சின்னத் தட்டையும் கொண்டுவந்து வைத்தார். நெஞ்சில் கை வைத்து, இது என் அன்பளிப்பு என்றார். அவருக்கு எங்கள் மேசையின் கதை எதுவும் தெரியாது. தட்டில் வெளிர்நிறத் துண்டுகள், நார் நாராக, தொட்டால் உதிர்கிற மாதிரி, மேலே பச்சைப் பிஸ்தா. எங்கள் ஹை ஸ்ட்ரீட்டில் பெட்டி பெட்டியாக விற்கிற சோன்பப்டியேதான்.

ஒருவர் சந்தோஷமாகக் கையால் கொண்டுவந்து தருவதைத் தொடாமல் விடுவது எங்களுக்கு வராது. அதோடு எனக்கும் சந்தோஷம். சோதனை முடிந்துவிட்டது, இனி வாய் திறக்கலாம் என்று நினைத்தேன். "தாங்க் யூ, தாங்க் யூ" என்று உரக்கச் சொல்லி, பெரிய துண்டொன்றை விரலால் உடைத்து மகளின் கோப்பையில் வைத்தேன்.

"இந்தா குஞ்சு, சோன்பப்டி. சாப்பிடு."

மகள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். முதலாளியை நிமிர்ந்து பார்த்து, இது எதில் செய்தது என்று கேட்டாள்.

அவர் பெருமையாகச் சொன்னார். சீனி. தஹினி.

என் காது சூடாகிவிட்டது. மகள் பதறவில்லை. தனக்கு எள் ஒவ்வாது, உங்கள் அன்புக்கு நன்றி, இரண்டு தட்டுகளையும் எடுத்துவிட்டு மேசையைத் துடைத்துவிட முடியுமா என்று நிதானமாகக் கேட்டாள். மனிதர் தலையில் கை வைத்துவிட்டார். உங்களில் பிழையில்லை, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவரை அவள்தான் தேற்றினாள். நான் துகள் ஒட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எள்ளுக்காக ஊர்ச்சனத்தை முழுக்க விரட்டித் திரிஞ்ச மனுசன்," என்றாள் மனைவி மெல்ல, "கடைசியிலை தன்ரை கையாலை எடுத்து வைக்கிறார்."

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, கையை ஒண்டிலையும் படவிடாதேங்கோ. என்ரை பையைத் தொடாதேங்கோ. கீழை போய்க் கழுவுங்கோ." கோபமில்லாத, விட்டுக்கொடுக்காத குரல்.

கீழே போய்க் குழாயைத் திறந்தேன். அவள் என்னை நம்பி அதை வாயில் வைத்திருந்தால்? சின்னதிலிருந்து நான் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிட்ட பிள்ளை. இன்று அப்பா கையால் வைத்ததையும் விசாரித்துவிட்டாள். முதலில் அது நெஞ்சில் குத்தியது. பிறகு தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே விளங்கியது, எனக்கு வேண்டியதும் அதுதானே. பெற்றவனின் கையிலிருந்தே கேட்காமல் வாங்காதவள், நியூகாசிலில் யாரிடம் வாங்கிவிடப் போகிறாள்? பயம் போகவில்லை. அது போகிற சாதி இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காக அவளைப் பிடித்து வைத்திருக்க மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டு படியேறினேன்.

மேசை துடைத்திருந்தது. மகள் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். நான் மனைவியைப் பார்த்துச் சொன்னேன். "அவளை அந்த நியூகாசில் இடத்தையே எடுக்கச் சொல்லும்."

"முன்னாலைதானே நிக்கிறாள். நீங்களே சொல்லுங்கோ."

"எடு பிள்ளை," என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. தலையைத் தடவக் கையை நீட்டினேன். ஒரு அடி பின்னால் போனாள்.

"சோப் போட்டனீங்களோ?"

"ஓம்."

"நகத்துக்குள்ளை?"

பார்த்தேன். கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது.

"திரும்பப் போங்கோ அப்பா."

போனேன்.