மாடியில் மாட்டிய ரவுட்டர்

சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டில் புடவை டிசைன் போடும் நாலு கம்ப்யூட்டர்களையும் இணைத்துக் கொடுத்தவன் நான். மாடி அறைக்காக இன்னொரு ரவுட்டர் வாங்கினார்கள். பூஜை அறையைத் தாண்டித்தான் மாடிக்குப் போக வேண்டும். என் தெரு எது என்று வீட்டுக்காரருக்குத் தெரியும்.

"நீ இங்கிருந்தே சொல்லுப்பா, மாப்பிள்ளை மாட்டிடுவார்."

கீழே நின்று மூன்று தடவை கத்தினேன். "புதுசுல டிஹெச்சிபியை ஆஃப் பண்ணுங்க சார். கம்ப்யூட்டருக்கு அட்ரஸ் கொடுக்கிறது அதுதான். அதைப் பழைய ரவுட்டரே கொடுக்கட்டும். ரெண்டும் கொடுத்தா எல்லாம் நின்னுடும்."

"தெரியும்பா" என்றார் மாப்பிள்ளை.

மறுநாள் நாலு கம்ப்யூட்டரும் நின்றன. எனக்கு வேலை தெரியாது என்று சொல்லி, அவர்கள் ஆள் ஒருவரை அழைத்து, நேரே மாடிக்குக் கூட்டிப்போனார்கள். அவர் ஆஃப் செய்தது அதே டிஹெச்சிபியைத்தான். மாப்பிள்ளையே பிறகு என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்.

அந்தத் தெருவில் அதற்கப்புறம் ஒரு வீடும் என்னைக் கூப்பிடவில்லை.