உங்களை ஒரு படம் எடுக்க வேணும்

என்னைத் திரும்பவும் நடிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நாள் முழுக்க நம்பியவன் நான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை கொழும்பில் தொலைக்காட்சி நாடகங்களில் நடித்தேன். எல்லாவற்றிலும் ஒரே வேடம்: ஆஸ்பத்திரிக் கட்டிலில் தாய் சாக, பக்கத்தில் நின்று அழுகிற பிள்ளை. ஆறு தாய்மாரைச் சாகக் கொடுத்தேன். ஆறாவது தாய்க்கு “அம்மா” என்று கத்த வாயைத் திறந்தபோது குரல் உடைந்து ஆட்டுக்கடாவின் சத்தம் வந்தது. செத்துக்கிடந்த தாயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அன்றைக்கே திருகோணமலைக்கு பஸ் ஏறினேன். இப்போது துறைமுகக் கரையில் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறேன். எஞ்சின் கத்தினால் யாரும் சிரிப்பதில்லை.

போன வருடம் கொழும்பிலிருந்து ஒரு தொலைக்காட்சி நாடகக் குழு படப்பிடிப்புக்கு வந்து கடற்கரையில் இறங்கியது. அந்தக் கிழமைதான் எனக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு. பக்கத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கோ இருமல். பேசிய பெண் யார், எங்கிருந்து என்பது காதில் விழவில்லை. மிச்சம் விழுந்தது.

“உங்களை ஒரு படம் எடுக்க வேணும். நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. சங்கிலி ஒண்டும் போடாதேங்கோ.”

ஆஸ்பத்திரிக் காட்சி. சங்கிலி இல்லையென்றால் ஏழை வேடம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. திரும்பவும் அந்த ஆட்டுச் சத்தம் வந்தால், இந்த முறை ஊரே இருந்து பார்த்துச் சிரிக்கும்.

“மறுக்கத்தான் போறன்” என்றேன் மனைவியிடம்.

“மறுக்கப் போறவருக்கு என்னத்துக்கு மீசைக்கு மை?”

“ஒரு மரியாதைக்கு.”

“இந்த மூஞ்சையை ஆரப்பா படம் எடுக்கிறது?”

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் கமரா எதையும் காணவில்லை. படம் எடுக்கிற இடம் எது என்று கேட்டதும் காவலாளி ஒரு கதவைக் காட்டினார். உள்ளே அதே குரல், வெள்ளைக் கோட்டில். இரவு முழுக்கப் பாடமாக்கியதை ஒப்புவித்தேன்.

“தங்கச்சி, குறை நினையாதேங்கோ. நான் நடிப்பை எப்பவோ விட்டனான். இனி என்னால அழ ஏலாது.”

“அழத் தேவையில்லை அண்ணை. சேர்ட்டைக் கழட்டிப்போட்டு இந்தப் பலகையில நெஞ்சை முட்டிக்கொண்டு நில்லுங்கோ.”

இருமலுக்கு டொக்டரிடம் காட்டியதும், நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்க அவர் துண்டு எழுதியதும், அதை மனைவியிடம் நான் மறைத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. பயம் போகவில்லை, காரணத்தை மட்டும் மாற்றிக்கொண்டது.

“மூச்சை இழுத்துப் பிடியுங்கோ. அசையாதேங்கோ.”

எந்த இயக்குநரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஒரே தடவையில் சரிவந்தது.

மூன்றாம் நாள் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெஞ்சில் ஒன்றுமில்லை, சளிதான். மருந்து குடித்தேன், இருமல் நின்றது. நாடகக் குழு என்னைத் தேடவில்லை. நான் இங்கே இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.