பிரசவச் செலவுக்காகப் பம்பாய் போனவர்

தனியார் மருத்துவமனையில் எனக்குப் பிரசவம் பார்க்கவே என் கணவர் பம்பாயில் முன்பணம் வாங்கி வேலைக்குச் சேர்ந்தார். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த நாளில் எனக்கு வலி கண்டது. அந்தத் தனியார் மருத்துவமனை இருந்த கள்ளக்குறிச்சிக்குப் பஸ் இல்லை. பயந்து அழுதேன்.

"இன்னாத்துக்கு அழுவுற? நம்மூரு கவருமெண்டு ஆஸ்பத்திரி இருக்குது, எழுந்திரு" என்று பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா கைத்தாங்கலாக அழைத்துப் போனார்.

சுகப்பிரசவம்.

"எவ்ளோங்க தரணும்?" என்றேன்.

"ஒண்ணும் வாணாம். முன்னாடியே வந்து பேரு குடுத்திருக்கலாமில்ல?" என்றார் நர்ஸ்.

காசே செலவாகாத இதற்காகவா அவரை அனுப்பினேன் என்று தினமும் நொந்துகொண்டேன். வாங்கிய முன்பணத்தை உழைத்துக் கழித்துவிட்டு அவர் திரும்பியபோது, தவழ்ந்துகொண்டிருந்த மகள் அப்பாவைக் கண்டு பயந்து என் சேலையில் முகம் புதைத்தாள்.

இப்போது தெருவில் யார் முழுகாமல் இருந்தாலும், நானே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். "வூட்டுக்காரரையும் கூட்டிக்கினு வா" என்பேன்.

- ஒரு வாசகி, தியாகதுருகம்