ஒண்ணாம் நம்பர் மெஷினும் பதினோரு வரியும்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வயதில் 'நெட்வொர்க் விஞ்ஞானி' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டவன் நான். நூறு கார்டு. தொண்ணூற்றேழு இன்னும் என்னிடமே இருக்கிறது. கொடுத்த மூன்றில் ஒன்றை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டை கொடுத்திருந்தார் அம்மா. என் விஞ்ஞானத்தால் ஊருக்கு விளைந்த பயன் அதோடு சரி.

போன வாரம் வீட்டில் புது வைஃபை பெட்டி மாட்ட ஒருவர் வந்தார். மாட்டிவிட்டு, தன் போனைத் தடவியபடியே கேட்டார்: "எந்த போனுக்கு சார் நெட் முதல்ல போகணும்? டிக் அடிச்சு விட்டுர்றேன்."

ஐந்து விநாடி வேலை. ஒரு டிக். எனக்கு வயிறு எரிந்தது. பிரித்த பெட்டியிலிருந்து வந்த புது பிளாஸ்டிக் வாசனை வேறு என்னை நேரே செக்காலை ரோட்டு மாடிக்குக் கொண்டுபோய் விட்டது.

தொண்ணூறுகளின் கடைசி. பாத்திரக்கடைக்கு மேலே பிரவுசிங் சென்டர். அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. எட்டு மெஷின், ஒரே டெலிபோன் லைன். செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். முதலாளி நெற்குப்பை ஊர்க்காரர். தினமும் காலையில் மோடத்துக்குப் பத்தி காட்டுவார். லைன் பிடிக்கும்போது அது கூவுவதை மந்திரம் என்றே நினைத்தார் போல. அவரை இளப்பமாகப் பார்க்க எனக்கு எல்லாத் தகுதியும் இருந்தது, நான்தான் விஞ்ஞானியாயிற்றே.

லைன் ஒன்று, ஆள் எட்டு என்பதால் வம்புக்குக் குறைவில்லை. ஒருத்தன் ஒரு பாட்டை இறக்க ஆரம்பித்தால் மற்ற ஏழு பேரும் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். அந்த ஏழு பேரில் ஒருவர் சகாயம் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் மகன் வளைகுடாவில் எங்கோ மணல்காட்டு முகாமில் வேலை பார்த்தான். முகாமில் போன் கிடையாது. சனிக்கிழமை நாலு மணிக்கு மட்டும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அரை மணி நேரம் சாட் பண்ண விடுவார்கள். டீச்சர் மூன்றரைக்கே வந்து ஆறாம் நம்பரில் உட்கார்ந்துவிடுவார். ஒற்றை விரலால், விடைத்தாள் திருத்துகிற நிதானத்தில் தட்டுவார். பாதி நாள் திரை உறைந்துபோகும்.

"டீச்சர், ஒங்க மெசேஜுதான் முதல்ல போகும். அதுக்கு நானாச்சு," என்றேன் ஒரு நாள். யார் கேட்டார்கள் என்னை?

லைனுக்கும் எட்டு மெஷினுக்கும் நடுவே ஒரு ஓட்டைக் கம்ப்யூட்டர் நின்றது. வெளியிலிருந்து வருவதையெல்லாம் எட்டுக்கும் பிரித்துக் கொடுப்பது அதிலிருந்த மலிவு நெட்வொர்க் கார்டு. அந்தக் கார்டை ஓட்டுகிற சின்ன புரோகிராமுக்குப் பெயர் டிரைவர். நான் ஒழுங்காக வரிசை கட்டினேன்: சாட் முதலில், மெயில் அடுத்து, பாட்டு கடைசி. டிரைவர் அதை மதிக்கவே இல்லை. வரிசையிலிருந்து ஒன்றை எடுக்கும். கார்டில் இடமில்லை என்றால் எடுத்ததை மறுபடி எல்லாருக்கும் முன்னால் செருகும். பந்தியில் இலை காலியா என்று பார்க்காமல் ஆளைக் கூட்டிப்போய், இடமில்லை என்றதும் வாசற்படியில் முதல் ஆளாக நிறுத்துகிற கல்யாண வீட்டுக்காரர் மாதிரி. பின்னால் மணப்பெண்ணே வந்து நின்றாலும் அவள் இரண்டாவதுதான்.

மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் வெறும் பதினோரு வரி. முதலில் எட்டிப் பார், இடம் இருந்தால் எடு. அவ்வளவுதான். டிரைவரை எழுதிய வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பினேன். சேர்த்துக்கொண்டார். 'ஓரத்தில் இடம் விட்டு எழுதத் தெரியாதா?' என்ற மாதிரி ஒரு வரி பதிலும் போட்டார். அதையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை டீச்சரின் சாட் தண்ணீர் மாதிரி ஓடியது. என் கெட்ட நேரம், அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் முதலாளி.

"என்னப்பா பண்ணுனே?"

வரிசை கட்டிய கதையைப் பெருமையாக விளக்கினேன். ஊர்க் கோயிலில் முதல் மாலை யாருக்கு என்று மூன்று வருஷம் முகம் பார்க்காமல் இருந்த வம்சம் அவருடையது. காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்.

"வரிசைன்னு ஒண்ணு வந்துட்டா முதல்ல யாருன்னும் ஒண்ணு இருக்கும்ல? கண்டரமாணிக்கத்துலேருந்து மாப்பிள்ளை வந்திருக்காக. ஒண்ணாம் நம்பர்ல ஒக்காந்து பாட்டு எறக்குறாக. அவுகளுக்குப் பொறகுதான் மத்தவுகளுக்கு."

"அது அப்படியில்ல அண்ணே, பாட்டு கொஞ்சம் காத்திருந்தா ஒண்ணும்..."

"மாப்பிள்ளையக் காக்க வைக்கச் சொல்றியா நீ?"

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? விஞ்ஞானி எதையாவது எதிர்த்துப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? ஒண்ணாம் நம்பருக்கே முதலிடம் என்று வரிசையை மாற்றி எழுதிக் கொடுத்தேன். பழைய டிரைவராக இருந்தால் சொதப்பியிருக்கும். நடுவே ஆறாம் நம்பருக்கும் நாலு வார்த்தை தப்பிப் போயிருக்கும். இது என் டிரைவர். ஒரு எழுத்தைக்கூட விடவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை டீச்சர் வந்ததும் என்னிடம் சொன்னார்: "அவன் அப்பாவுக்கு வாய் பேச வரல தம்பி. பத்து நாளாச்சு. புள்ளைகிட்ட மறைச்சே வச்சிருந்தேன். இன்னிக்குச் சொல்லி, கெளம்பி வான்னுறப் போறேன்."

நாலு மணி. ஒண்ணாம் நம்பரில் மாப்பிள்ளை காலாட்டிக்கொண்டே ஒரு குத்துப்பாட்டை இறக்கிக்கொண்டிருந்தார். ஆறாம் நம்பர் வெள்ளையாக நின்றது, டீச்சர் தட்டியதும் போகவில்லை. டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு கட்டளை தட்டினால் போதும், சாட் முன்னால் வந்துவிடும். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் மேசைக்கு அடியில் புகுந்து, நன்றாக இருந்த வயரைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன்.

நாலே முக்காலுக்குப் பாட்டு இறங்கி முடிந்தது. மகனுக்குக் கொடுத்த அரை மணி நேரம் அதற்குள் தீர்ந்திருந்தது. அந்த நொடியே ஆறாம் நம்பரில் அடைத்து நின்றதெல்லாம் பொலபொலவென்று கொட்டியது.

'அம்மா?'

'இருக்கீங்களா?'

'இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. இன்னிக்கே சொல்லணுமாம்.'

'அம்மா?'

'சரிம்மா. போட்டுர்றேன்.'

டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த மாடியில் இப்போது போன் உறை விற்கிறார்கள். செருப்போடே போகலாம். அந்தக் கார்டை இப்போது யாரும் செய்வதில்லை. டிரைவரையும் என்றோ தூக்கிப் போட்டுவிட்டார்கள், என் பதினோரு வரியோடு. மோடத்தின் கூவலைக் கேட்டவர்களே குறைந்துவிட்டார்கள். மாப்பிள்ளை இறக்கிய பாட்டை அவரே மறந்திருப்பார்.

அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு மாதம் கழித்து சர்ச் வாசலில் டீச்சரைப் பார்த்தேன். மாப்பிள்ளைக்காக வரிசையை நான் மாற்றியதைச் சொல்லிவிட்டு, "மெஷினுல அப்படி ஒரு ஏற்பாடு ஆகிப்போச்சு டீச்சர்," என்று இழுத்தேன்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"முன்னாடி மெஷினு தெரியாமச் செஞ்சுச்சு தம்பி. நீங்க தெரிஞ்சு செஞ்சீக."